பேய்க்கு ஒரு வக்காலத்து

சென்ற மாதம் நகரத்தின் தென்கோடியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ‘இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று எழுத்தாளர்களைக் கேட்டுப் பதில் வாங்குவதற்கென்றே கூட்டிய கூட்டம் அது. எனக்கு முன்னால் பேசியவர்கள் ருஷ்யாவுக்கும் பிரான்ஸுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் போய்வந்தார்கள். என் முறை வந்தது. உள்ளதைச் சொன்னேன். “இந்த மாதம் இரண்டு பேய் நாவல்களும், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதிய மூன்று கதைப் புத்தகங்களும் படித்தேன். படித்ததோடு விடவில்லை, எங்கள் பேட்டைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவற்றின் குணங் குற்றங்களைப் பேசினேன். ஐந்தில் ஒன்று மகா மட்டம், மூன்று சுமார், ஒன்று அபாரம்” என்றேன்.

தலைவர் பெரிய படிப்பாளி. முடிவுரையில் என்னை மறக்காமல் நினைவுகூர்ந்தார். “நண்பர் நல்ல நாவல்கள் எழுதியவர். நாற்பது வயதுக்கு மேல் பேய்க்கதையும் பிள்ளைக்கதையும் படிப்பதாகச் சொல்லுகிறார். அதை அவருடைய ஓய்வு நேரத்துப் பலவீனம் என்று நாம் மன்னித்துவிடலாம்” என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். சபையில் சிரிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

மெட்ரோ ரயிலில் திருவொற்றியூருக்குத் திரும்பும்போதுதான் கோபம் வந்தது. எனக்கு வருகிற கோபம் எப்போதும் இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் வரும். மன்னிப்பதற்கு இவர் யார்? நான் குற்றம் செய்தேன் என்று எந்தக் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று? விசாரணையே நடக்கவில்லையே! ஆகவே, வாசகர்களே, அந்த விசாரணையை இங்கே நடத்திவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். பேய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஒரே வக்காலத்து. கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் ஏழைகள். வக்கீலுக்கு ஃபீஸ் கிடையாது.

முதலில் வக்கீலின் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ வரை படித்தவன். அதற்கு மேல் படிக்கவில்லை, படிக்க வசதியில்லை. துறைமுகத்துச் சரக்குக் கிடங்கு ஒன்றில் டாலி கிளார்க்காக, கன்டெய்னரில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் எண்ணிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்தில் பிறந்தவன். ரயில் வந்த அளவுக்குப் புத்தகம் எங்கள் பக்கம் வரவில்லை. வந்த புத்தகம் லெண்டிங் லைப்ரரி வழியாக வந்தது. காலிகோ அட்டை போட்டுத் தைத்து, நூறு கை பட்டு, எண்ணெயும் மீன் வாடையும் ஏறிய மாத நாவல்கள். அவற்றில் பாதி திகில் கதைகள். ‘பேய்க்கதை மன்னன்’ என்று பெயர் வாங்கிய பி.டி. சாமி எழுதியவை அவற்றில் பல. ஒரு புத்தகத்தில் கடைசி நான்கு பக்கம் இல்லை. பேய் யார் என்று தெரியாமல் மூன்று நாள் தவித்து, நானே ஒரு முடிவு எழுதி அதில் ஒட்டிக் கொடுத்தேன். கடைக்காரர் திட்டவில்லை. “அடுத்த வாரமும் ரெண்டு கிழிஞ்ச புக்கு இருக்குது, எடுத்துக்கினு போ” என்றார். நான் எழுத்தாளனானது அந்தக் கடையில்தான். இதைப் பலவீனம் என்று சொன்னால், என் நாவல்கள் முழுவதும் அந்தப் பலவீனத்தின் பேரப்பிள்ளைகள்.

குற்றப்பத்திரிகையில் மூன்று குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒன்று: பேய்க்கதையும் பிள்ளைக்கதையும் இலக்கியம் அல்ல. இரண்டு: பேய்க்கதை மூடநம்பிக்கையை வளர்க்கும். மூன்று: பிள்ளைகளைப் பயமுறுத்திக் கெடுக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

இலக்கியம் அல்லவாம்! எந்த மொழியில் நின்றுகொண்டு இதைச் சொல்லுகிறார்கள்? காரைக்கால் அம்மையார் சிவபெருமானிடம் வேண்டிப் பெற்றது பேய் வடிவம். தம்மைப் பேய் என்றே பாட்டில் சொல்லிக்கொண்டவர். அவர் தலையால் நடந்து போன திருவாலங்காடு எங்கோ இல்லை. அரக்கோணம் ரயிலில் ஏறினால் வந்துவிடும். பழையனூர் நீலி கதை பிறந்ததும் அந்த ஊரை ஒட்டித்தான். வணிகன் ஒருவனால் வஞ்சிக்கப்பட்டுச் செத்தவள், பேயாகி வந்து, ஊர் சபைக்கு முன்னால் அவனுக்கு மனைவி என்று வாதாடி வழக்கில் ஜெயிக்கிறாள். அவனுக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர் சொல் தவறாமல் தீப்பாய்ந்தார்கள் என்கிறது கதை. இந்தக் கதையில் பேய் இருக்கிறது, பெண்ணுக்கு இழைத்த துரோகம் இருக்கிறது, சாட்சியம் இருக்கிறது, கொடுத்த வாக்கின் விலை இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும் இலக்கியத்துக்கு?

சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நாற்சந்தியிலே ஒரு பூதம் நிற்கிறது. பொய்ச்சாட்சி சொல்பவனையும் புறங்கூறுபவனையும் பிடித்து அடித்துத் தின்கிற பூதம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியில், குலோத்துங்கனின் படைத் தலைவன் கருணாகரத் தொண்டைமான் பெற்ற வெற்றியைச் சொல்பவை யார்? பசியில் வாடும் பேய்கள். கடைசியில் போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் சமைத்துச் சாப்பிடுகின்றன. இதையெல்லாம் பாடத்தில் வைத்து, பரீட்சையில் மதிப்பெண்ணும் போடுகிறோம். எண்ணூறு வருஷத்துப் பேய் என்றால் இலக்கியம். இப்போது பிறந்த பேய் என்றால் பலவீனம்! வயதானால்தான் பேய்க்குக்கூட மரியாதையா?

‘அதெல்லாம் பழங்காலம், நவீன இலக்கியத்தைப் பேசு’ என்பார்கள். பேசுவோம். தமிழ்ச் சிறுகதைக்குப் புதுமைப்பித்தனைவிடப் பெரிய பெயர் எது? அவர் 1943-இல் எழுதிய ‘காஞ்சனை’ என்ன கதை? ஓர் எழுத்தாளன், அவன் மனைவி, பிச்சைக்கு வந்து வேலைக்காரியாக வீட்டில் தங்கிவிடும் ஒரு பெண், இரவில் வருகிற ஒரு நாற்றம். அவள் யார் என்று கதை கடைசிவரை உடைத்துச் சொல்லுவதில்லை. படித்துமுடித்த பிறகு நமக்குத்தான் அடுப்பங்கரைப் பக்கம் போகக் கால் வருவதில்லை. ‘செவ்வாய் தோஷம்’, ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘வேதாளம் சொன்ன கதை’ என்று அவர் பேயோடு மறுபடி மறுபடி குடித்தனம் நடத்தினார். வங்கத்திலே தாகூர் 1895-இல் ‘பசித்த கற்கள்’ எழுதினார். பாழடைந்த மாளிகையில் வரி வசூலிக்க வந்தவனை ஆவிகள் ஆட்டுவிக்கிற கதை. பிற்காலத்தில் நோபல் பரிசு கொடுத்தவர்கள் அந்தக் கதைக்காக அவரை மன்னிக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, பேய் தப்பித்தது. பிள்ளைக்கதை? இங்கே நான் ஒரு புத்தகத்தின் கதையைச் சொல்லுகிறேன். பெயரைப் பிறகு சொல்லுகிறேன். கதாநாயகி இளம்பெண். பாட்டி அவளைக் குலத்தொழிலில் தள்ளப் பார்க்கிறாள். ஒரு ராஜகுமாரன் துரத்துகிறான். ஒரு தெய்வம் அவளைத் தூங்கும்போதே தூக்கிக்கொண்டு போய், ஆளில்லாத தீவில் விட்டுவிடுகிறது. அங்கே தன் முற்பிறப்பைத் தெரிந்துகொள்கிறாள். வானத்தில் பறக்க ஒரு மந்திரம், வேற்றுருவம் கொள்ள ஒரு மந்திரம், பசி தாங்க ஒரு மந்திரம் கிடைக்கின்றன. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் ஒன்றும் கிடைக்கிறது. ஊருக்குத் திரும்பி, சிறைச்சாலையையே அறச்சாலையாக மாற்றுகிறாள். தன் வழியைத் தானே தேர்ந்துகொள்கிறாள்.

இன்று இதை ஒருவர் நாவலாக எழுதிக் கொண்டுபோனால், ‘இளையோருக்கான மாயக்கதை, மதிப்புரைப் பகுதியில் இடமில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதன் பெயர் மணிமேகலை. ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்று. கோவலனுக்குப் பதினாறு, கண்ணகிக்குப் பன்னிரண்டு என்று கதையை ஆரம்பித்த மொழியில், அந்த வயதினருக்குக் கதை எழுதினால் இளக்காரம்!

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மூடநம்பிக்கை. இதைச் சொல்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஏனென்றால் இவர்கள் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பேயோட்டுகிறேன் என்று பெண்களைச் சாட்டையால் அடிக்கிற ஊர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சாட்டையைக் கதைப் புத்தகமா கையில் எடுத்துக் கொடுத்தது? புத்தகமே நுழையாத வீட்டில்தான் மந்திரவாதி சுலபமாக நுழைகிறான்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்லுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகள் கூடுவார்கள். பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை. அப்பாக்கள் காசிமேட்டில் படகில் போகிறவர்கள், டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர்கள், ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்கள். வாரம் ஒரு புத்தகம் எடுத்துப்போய் வந்து பேச வேண்டும். சட்டம் இரண்டுதான். முடிவைச் சொல்லக்கூடாது, பிடிக்காதது ஒன்றையாவது சொல்லியே ஆக வேண்டும்.

சென்ற வருஷம் பக்கத்துச் சந்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்திக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். சாப்பிடவில்லை, பேசவில்லை, ராத்திரியில் அலறினாள். வேப்பிலைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் ஆள் பேசியாகிவிட்டது. அந்த வாரம் மாடியில் யாரும் புத்தகம் பேசவில்லை, அவளைத்தான் பேசினார்கள். அப்போது ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் சொன்னாள்: “ண்ணா, கதையில பேய் வந்தா, அது ஏன் வந்துச்சுன்னு ஒரு காரணம் இருக்கும். யாரோ அதுக்கு இன்னாவோ பண்ணியிருப்பாங்க. இவளுக்கு இன்னா ஆச்சுன்னு யாருமே கேக்கலையே?”

நான் வாயடைத்துப் போனேன். நான்கு தெருப் பெரியவர்களுக்குத் தோன்றாத கேள்வி, பேய்க்கதை படித்துப் படித்து அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. அவள் தன் அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மாள் இரண்டு பெண்களோடு போய், அந்தச் சிறுமியைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டாள். விஷயம் வெளியில் வந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்தி, அவளைவிட இரட்டிப்பு வயதுக்காரனுக்குக் கொடுப்பதாக வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. பிடித்த பேய் அதுதான். பெரியவர்கள் நான்கு பேர் தலையிட்டுப் பேச்சு நின்றது, பேயும் நின்றது. இன்று அவள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள்.

பகுத்தறிவு என்பது ‘ஏன்?’ என்று கேட்பது. நல்ல பேய்க்கதையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்த ஒரு கேள்விதான். பேயை நம்புவது வேறு. பேய்க்கதையை ரசிப்பது வேறு. நாடகத்தில் ராவணன் வேஷம் கட்டியவனை ஜனங்கள் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுகிறார்கள். வேஷம் எது, ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். பத்துப் பேய்க்கதை படித்த பிள்ளைக்கும் தெரியும், பேய் வாக்கியத்துக்குள்தான் குடியிருக்கிறது என்று. வாக்கியத்தை எப்படித் திருப்பினால் பயம் வருகிறது என்று அது கவனிக்க ஆரம்பித்துவிட்டால், பிறகு அந்தப் பிள்ளையை மந்திரவாதியும் ஏமாற்ற முடியாது. மேடைப் பேச்சாளனும் ஏமாற்ற முடியாது.

மூன்றாவது: பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். யாருடைய பிள்ளைகள்? 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கலந்து, எண்ணூர்க் கழிமுகம் கறுத்துப் போயிற்று. படகு கறுத்தது, வலை கறுத்தது, வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு எண்ணெய்க் கோடு விழுந்தது. அது காய்வதற்குள், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ராத்திரியில், கடலிலிருந்து கிளம்பி வந்து, தூங்குகிற பிள்ளைகளின் தொண்டையைப் பிடித்தது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்தப் பேய்க்கதை ஆசிரியனுக்கு ஐயா இப்படி ஒரு கற்பனை வரும்?

இந்தப் பிள்ளைகளைப் பயத்திலிருந்து காப்பாற்றப் புத்தகத்தைப் பிடுங்கி வைக்கிறோம் என்பது, மழையில் நனைந்து நிற்கிறவனிடமிருந்து தண்ணீர்ச் செம்பைப் பிடுங்கி வைக்கிற கருணை. அவர்களுக்குப் பயம் புதிது அல்ல. அதற்கு உருவமும் பெயரும் முடிவும் கொடுக்கிற ஏற்பாடுதான் புதிது. அந்த டிசம்பருக்குப் பிறகு எங்கள் மாடிக்கு வந்த பையன் ஒருவன், எண்ணூர்ப் பையன், ஒரு கதை எழுதிக் காட்டினான். கழிமுகத்து அடியில் ஒரு கிழவி இருக்கிறாள். அவள் மூச்சு விட்டால் ஊர் மூச்சு நிற்கும். அவள் ஏன் அப்படி ஆனாள் என்று ஒரு மீன்காரப் பையன் கேட்கப் போகிறான். எழுத்துப்பிழை நூறு இருந்தது. திருத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த ராத்திரியைப் பற்றி அவன் அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று அவன் அம்மா பிறகு சொன்னாள்.

குற்றச்சாட்டு மூன்றும் தீர்ந்தன. இப்போது நான் எதிர்வழக்குப் போடுகிறேன். பிரதிவாதி, நமது விமர்சக உலகம்.

எங்கள் வட்டாரத்து நூலகம் ஒன்றில் சிறுவர் பகுதி உண்டு. சின்ன மேஜை, சின்ன நாற்காலி, சுவரில் யானைப் படம். பத்து வயது வரை பிள்ளை அங்கே சுகமாக உட்காரும். பதின்மூன்றாவது வயதில் முழங்கால் மேஜையில் இடிக்கும். எழுந்து பெரியவர் பகுதிக்குப் போனால், போட்டித் தேர்வு வழிகாட்டிகள். பொது அறிவுக் களஞ்சியங்கள். பெரியவர்கள் பெரியவர்களுக்கு எழுதிய நாவல்கள். முழங்கால் இடிக்கிற வயதுக்கு ஓர் அலமாரிகூடக் கிடையாது. அந்த வயதில் பிள்ளை நூலகத்தை விட்டு வெளியே போகிறான். திரும்பி வருவது, வந்தால், உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதத்தான். சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாக 1948-இல் பொது நூலகச் சட்டம் போட்டு, வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிற ராஜ்யம் இது. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுடைய நூல் என்று 1931-இலேயே விதி வகுத்த ரங்கநாதன் நம் ஊர்க்காரர். அந்த விதி பதின்மூன்றாம் வயதில் எப்படிக் காலாவதியாகிறது?

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்க நூலகர்கள் 1957-லேயே இந்த வயதினருக்கென்று தங்கள் சங்கத்தில் தனிப் பிரிவு வைத்துவிட்டார்கள். எஸ்.இ. ஹின்டன் என்ற பெண், பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய நாவலை 1967-இல் வெளியிட்டாள். ஏழைப் பையன்களுக்கும் பணக்காரப் பையன்களுக்கும் நடக்கிற தெருச்சண்டைக் கதை. இன்றும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அதைப் படிக்கிறார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால், 1816-இல், ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழை. உள்ளே அடைபட்ட சிலர் பேய்க்கதைப் புத்தகம் படித்து, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பந்தயம் கட்டினார்கள். அவர்களில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி எழுதியதுதான் 1818-இல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. பேயும் பிள்ளையும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட சாட்சி எனக்குத் தேவையில்லை.

அந்நிய நாடு வேண்டாம் என்றால் வங்கத்தைப் பாருங்கள். உபேந்திரகிஷோர் 1913-இல் பிள்ளைகளுக்கென்று ‘சந்தேஷ்’ பத்திரிகை தொடங்கினார். நின்றுபோன அதை அவர் பேரன் சத்யஜித் ராய் 1961-இல் மறுபடி நடத்தினார். உலகமே கொண்டாடிய சினிமாக்காரர், உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் துப்பறியும் கதையும் பேய்க்கதையும் எழுதினார். ஃபெலூடா பிறந்தது அந்தப் பத்திரிகையில், 1965-இல். தாத்தா எழுதிய கதையை 1969-இல் படமாக எடுத்தபோது, பேய்களின் ராஜாவையே திரையில் ஆட விட்டார். அங்கே யாரும் அவரை மன்னிக்கவில்லை, பாராட்டினார்கள்.

நம்மிடம் ஆள் இல்லையா? இருந்தார்கள், இருக்கிறார்கள். 1947-இல் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’ பல தலைமுறைக்குச் சோறு போட்டது. 1972-இல் ‘கோகுலம்’ வந்தது. ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியோடு வந்தது. அம்புலிமாமாவும் கோகுலமும் இன்று இல்லை. தொலைக்காட்சி ‘மர்மதேச’த்தால் வீடு வீடாக விளக்கை அணைக்கவைத்த இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தார். அஞ்சலி எழுதியவர்கள் அவருடைய வாசகர்கள். அத்தனை நாவல்களில் எது தேறும், எது தேறாது என்று உட்கார்ந்து பிரித்துச் சொன்ன விமர்சனம் எத்தனை?

சாகித்ய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய விருது கொடுக்கிறது. வேதாளத்தை விஞ்ஞானம் பேசவைத்த இரா. நடராசனுக்குக் கொடுத்தார்கள். 2020-இல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பெற்றது. மரப்பாச்சி பொம்மை உயிர் பெற்றுப் பேசுகிற கதை, மாயக்கதைதான். ஆனால் அந்தப் பொம்மை எதற்குப் பேசுகிறது தெரியுமா? தவறாகத் தொடுகிற பெரியவர்களைப் பற்றிச் சிறுமி வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதற்காகப் பேசுகிறது. எத்தனை தாய்மார்கள் சொல்லத் தெரியாமல் திணறுகிற விஷயம்! 2023-இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பரிசு பெற்றது. பரிசு கொடுத்த மறுநாள் பத்திரிகையில் ஒரு படமும் இரண்டு வரியும். அதற்குப் பிறகு? அந்தப் புத்தகத்தின் நடை எப்படி, எங்கே உபதேசம் தட்டுகிறது, எங்கே கதை பறக்கிறது என்று ஒரு முழுப் பக்க விமர்சனம் தேடினால் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

‘எல்லாம் அபாரம்’ என்று நான் சொல்லவில்லை. பேய்க்கதைகளில் குப்பை ஏராளம். விதவை என்றால் மோகினி. கறுத்தவன் என்றால் மந்திரவாதி. சேரியைத் தாண்டினால் சுடுகாடு. அழகி என்றால் அவளைப் பழிவாங்க ஓர் ஆவி. இந்த விஷத்தை நானும் சின்ன வயதில் குடித்திருக்கிறேன். இறங்க வெகு நாளாயிற்று. இளையோர் கதைகளிலோ, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒழுக்கம் போதிக்கிற நோய் தீரவில்லை. ஆனால் இதையெல்லாம் யார் சொல்வது? படிக்காமலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவனால் எது அழுகல், எது நல்ல மீன் என்று சொல்ல முடியுமா? காசிமேட்டில் வந்து கேளுங்கள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலை சொல்பவனை அங்கே வியாபாரி என்று மதிக்க மாட்டார்கள். இலக்கியத்தில் மட்டும் அவனை விமர்சகன் என்று மேடையில் ஏற்றி மாலை போடுகிறோம்.

விமர்சனம் என்றால் என்ன என்று எங்கள் மாடிக்கு வந்து கேட்டுப்போகலாம். முந்நூறு பக்கத் திகில் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு வந்த பையன் சொன்னான்: “இந்தப் பேய் சுத்த சோம்பேறி, ண்ணா. மொத்தப் புக்குலயும் சொம்மா கொலுசு சத்தத்தையே போட்டுக்கினு இருக்குது.” இன்னொரு பெண் கேட்டாள்: “எல்லாப் பேயும் ஏன் வெள்ளைப் புடவையிலயே வருது? எங்க ஆயா சாவும்போது நீலப் புடவைதான் கட்டியிருந்தாங்க.” சிரித்தோம். பிறகு யோசித்தேன். வெள்ளைப் புடவை விதவையின் புடவை. நூறு வருஷமாக நம் எழுத்தாளர்கள் விதவைக்குப் பயந்ததைப் பேய்க்குப் பயந்ததாக எழுதிவந்திருக்கிறார்கள் என்பதை, ஆயாவின் நீலப் புடவையைக் காட்டி ஒரு பதினான்கு வயதுப் பெண் உடைத்துவிட்டாள். அன்றைக்குக் கூட்டத்தில் என்னை மன்னித்த பெரியவரின் நூல்களில் இத்தனை கூர்மையான ஒரு வரியை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. பத்திரிகை ஆசிரியர்களே, மாதம் ஒரு பக்கம் கொடுங்கள். பேய்க்கதைக்கும் இளையோர் கதைக்கும் மதிப்புரை போடுங்கள், திட்டியாவது போடுங்கள். நூலக அதிகாரிகளே, முழங்கால் இடிக்கிற வயதுக்கு ஓர் அலமாரியும், கால் நுழைகிற மேஜையும் கொடுங்கள். விமர்சகர்களே, நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டாம், படியுங்கள். படித்துவிட்டு மட்டம் என்று சொன்னால் தலைவணங்கிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற கதை உங்களுக்குத் தெரியும். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவன் எழுதிவைத்த இருபத்தைந்து கதைகள், நம் ஊரில் பெரிய எழுத்துப் புத்தகமாகவும் அம்புலிமாமாவாகவும் வந்து குடியேறின. வேதாளம் கதை சொல்லும். சொல்லிவிட்டு, ‘இதில் யார் செய்தது நியாயம்?’ என்று கேட்கும். ராஜா வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டாலோ, தலை சுக்குநூறாக வெடித்துவிடும். கதையைக் கேட்டவன் அபிப்பிராயம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்ட முதல் ஆசாமி அந்தப் பேய்தான். விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தை விட்டு இறங்கி, நடுராத்திரியில், சுடுகாட்டில், பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு, பதில் தெரிந்த ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னான். அதைப் பலவீனம் என்று யாரும் அவனை மன்னிக்கவில்லை.

நம் விமர்சகர்கள் எத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்! தலைகள் ஏன் இன்னும் வெடிக்கவில்லை என்று முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் சட்டத்தைச் சரியாக நினைவுபடுத்திப் பார்த்தேன். பதில் தெரிந்தும் சொல்லாதவனுக்குத்தான் தண்டனை. கதையையே கேட்காதவர்களுக்கு வேதாளம் விலக்கு அளித்திருக்கிறது.